தானாக அடங்கும் சங்கு

சங்கு ஊத ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை. குழந்தைசாமிக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஏனென்றால் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அவர் இப்போதுதான் அடித்துச் சொல்லியிருந்தார்.

"அது சும்மா கத்துமுங்க. கண்டுக்காம உட்டா தானா அடங்கிரும். எட்டு மாசமாப் பாக்கறேன்."

"அடங்கலீங்களே?" என்றார் பக்கத்துக்காரர்.

"அடங்கும், அடங்கும்" என்று குழந்தைசாமி இரண்டாவது டீ சொன்னார். அதுவும் தீர்ந்தது. சங்கு தீரவில்லை.

கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டிய ரோட்டோரத்தில் இருந்தது அந்த மரவள்ளிக் கிழங்கு மாவு மில். கிழங்கை அரைத்துப் பாலாக்கி, அந்தப் பாலைத் தொட்டிகளில் தேக்கி, மாவு அடியில் தங்கியதும் எடுப்பார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில், முதலாளி அர்த்தனாரிக்குத் திடீரென்று காலத்தோடு ஓட ஆசை வந்தது. கோயமுத்தூர் கம்பெனி ஒன்றைப் பிடித்து, தொட்டிக்குத் தொட்டி வயர் இழுத்து, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார். தொட்டி நிறைந்தால் திரையில் சிவப்பு எழுத்து மின்னும், கூரை மேல் சங்கு ஊதும். அதைப் பார்த்துக்கொள்ள ஏசி போட்ட ஒரு அறை. அறைக்குள் சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. நாற்காலியில் குழந்தைசாமி.

ஒன்பது வருஷம் அதே மில்லில் மூட்டை தூக்கியவர் அவர். முதுகு போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அந்த நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்த முதல் நாள் அவர் மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு சுற்று சுற்றினார்.

அந்த நாற்காலிக்குத்தான் இன்று ஆபத்து. நாலு மணிக்கு முதலாளியும் கோயமுத்தூர் இன்ஜினீயர் ராதிகாவும் வருகிறார்கள். "எட்டு மாசப் பதிவு பூராவும் பாக்கப் போறோம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். "செரியா இருந்தா நாற்காலி உனக்கே. இல்லீன்னா மறுபடி மூட்டைக்குப் போயிரு, சாமி."

இப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

சங்கை நிறுத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேஜை மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் போதும். ராதிகா முதல் நாளே விளக்கியிருந்தாள்.

"இதை அமுக்கினா நீங்க பார்த்துட்டீங்கன்னு அர்த்தம், அண்ணா. சங்கு நின்னுடும். யார் பார்த்தாங்க, எத்தனை மணிக்குப் பார்த்தாங்கன்னு கம்ப்யூட்டர் பேரோட எழுதி வெச்சுக்கும்."

அதற்கப்புறமும் அவள் அரை மணி நேரம் பேசினாள். குழந்தைசாமி காதில் எதுவும் ஏறவில்லை. 'பேரோட எழுதி வெச்சுக்கும்' என்பதிலேயே அவர் நின்றுவிட்டார்.

மில்லுக்கு வருவதற்கு முன் அவர் ஒரு கூட்டுறவு சங்கத்தில் பன்னிரண்டு வருஷம் பியூனாக இருந்தார். ஒருநாள் லாரியில் வந்த எடை மெஷினை "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டு இறக்கிவைத்தார். ஆறு மாதம் கழித்து மெஷினைக் காணோம். எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். காகிதத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. வேலை போயிற்று. அன்றைக்கு அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளாதே.

அதனால் எட்டு மாதமாக அவர் அந்தப் பொத்தானை விரலால்கூடத் தொட்டதில்லை. சங்கு ஊதியதும் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார். இடத்தில் இல்லாதவனை யார் சாட்சிக்குக் கூப்பிட முடியும்? டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் சங்கு அடங்கியிருக்கும். திரையும் பச்சையாகிவிடும். தினமும் இப்படித்தான்.

இன்றைக்கு மட்டும் அது அடங்கவில்லை. அவர் மூன்றாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு மில்லுக்குள் ஓடினார்.

முதலில் சங்கைக் கவனித்தார். ஏணி வைத்து ஏறி, அதன் வாய்க்குள் ஒரு சாக்கைத் திணித்தார். ஊளை முனகலாகக் குறைந்தது. அறைக்குள் வந்து பார்த்தால் 'தொட்டி இரண்டு நிரம்பியது' என்று சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

தொட்டிக்குப் போனார். உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தது. விளிம்பைத் தாண்டிக் கிழங்குப் பால் வெள்ளையாக வழிந்து முற்றமெல்லாம் ஓடியது. மில்லில் பிட்டர் வேலை பார்க்கும் செல்லமுத்து அதன் நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்கண்ணா, எப்பவும் எந்தத் தொட்டின்னு வழியறதுக்குள்ள சொல்லி அனுப்பிருவீங்களே. இன்னைக்கு மறந்துட்டீங்களா?"

குழந்தைசாமிக்குத் தான் யாரிடமும் எதையும் சொல்லி அனுப்பிய ஞாபகம் இல்லை. ஆனால் வலிய வரும் நல்ல பெயரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"வேலை கொஞ்சம் சாஸ்தி" என்றார். "மொதல்ல இதைக் கொறை."

செல்லமுத்து ஒன்றாம் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடினான். இரண்டாம் தொட்டியின் அடி வால்வைத் திறந்தான். பால் சரசரவென்று இறங்கியது. குழந்தைசாமிக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார்.

சிவப்பு மஞ்சளாக மாறியிருந்தது. ஆனால் மின்னுவது நிற்கவில்லை.

தொட்டி சரியாகிவிட்டது, ஆனால் நடந்ததை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ராதிகா அந்த அரை மணி நேரத்தில் இதையும் சொல்லித்தான் இருந்தாள். குழந்தைசாமி வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"செல்லமுத்து! கொறைஞ்சும் மின்னுதுடா. அந்த மிதவை கெட்டுப்போச்சு."

தொட்டியின் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மிதவை தொங்கும். பால் அதுவரை ஏறினால் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் அறைக்கு ஓடுகிறது.

செல்லமுத்து யோசித்தான். அவன் யோசிப்பது அபூர்வம், யோசித்தால் விபரீதம்.

"வயரை வெட்டிட்டா சேதி எப்படிங்கண்ணா போகும்?"

குழந்தைசாமி அவனைப் பெருமையோடு பார்த்தார். "வெட்டு" என்றார்.

வெட்டினான். மஞ்சள் மறுபடியும் சிவப்பானது. கூரை மேல் சங்கு புதிதாக மூச்சு பிடித்து ஊதிய வேகத்தில் சாக்கு பிய்த்துக்கொண்டு பறந்து, கீழே கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் விழுந்தது.

"ஒட்டு, ஒட்டு, திருப்பி ஒட்டு!" என்று கத்தினார் குழந்தைசாமி.

"பிளேடுல வெட்டிட்டேனுங். ஒட்டறதுக்கு டேப்பு வேணும். டேப்பு செம்மேட்டுலதான் கிடைக்கும்."

"போடா!"

செல்லமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். அவன் போன பிறகுதான் மூடிய வால்வு மூடியபடியே இருப்பது நினைவுக்கு வந்தது. அரைத்த பால் எல்லாம் போக வழியில்லாமல் ஒன்றாம் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைசாமி ஓடிப்போய் வால்வைத் திருகுவதற்குள் திரையில் இரண்டாவது சிவப்பு வரி வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அறையில் போன் அடித்தது.

"குழந்தைசாமியா?" முதலாளியின் மனைவி காளியாத்தாள், அடிவாரத்து வீட்டிலிருந்து.

"ஆமாங்கம்மா."

"அங்க எவ இருக்கா?"

"எவளும் இல்லீங்களே."

"பொய் சொல்லாத. மூணு தடவ போன் பண்ணிட்டா. 'கொல்லிமலை மில்லிலிருந்து பேசுகிறேன், உடனே வரவும்'கறா. குரலு தேனாட்ட இருக்குது. நீ யாருடின்னு கேட்டா பதிலே இல்ல, மறுபடி மொதல்ல இருந்து அதையே சொல்றா. கடைசீல ஒன்றை அழுத்தவும்னா. வா, உன்ற கழுத்தை அழுத்தறேன்னு சொல்லி வெச்சுட்டேன்."

குழந்தைசாமி கணக்குப் போட்டுப் பார்த்தார். மில்லில் போன் இருப்பது இந்த ஒரு அறையில்தான். காலையிலிருந்து இங்கே எந்தப் பெண்ணும் வரவில்லை. மலைக்குச் செல்போன் இன்னும் ஏறவில்லை. அப்படியானால் யார்? சரி, யாராக இருந்தால் என்ன, முதலாளியின் மானத்தைக் காப்பாற்றுவது தொழிலாளியின் கடமை.

"அம்மா, நீங்க தப்பா நெனைக்காதீங்க. மொதலாளிக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் இல்லீங்க."

அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பொண்ணு ஒருத்தி இருக்கறா" என்றாள் காளியாத்தாள். "அவரு பஸ் ஸ்டாண்டுல இன்ஜினீயரைக் கூட்டியாறப் போயிருக்காரு. ஜீப்பு ஊட்டுப் பக்கம் வரட்டும். நானும் வாரேன்."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அடுத்த நிமிடமே, யாரும் கை வைக்காமல், கம்ப்யூட்டர் பக்கத்துப் பெட்டியில் டயல் சுழலும் ஓசை எழுந்தது. தேன் குரல் பேச ஆரம்பித்தது. "நான் கொல்லிமலை மில்லிலிருந்து பேசுகிறேன்..."

இந்தச் சனியன்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறது! குழந்தைசாமி பாய்ந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினார். குரல் நின்றது. திரையில் மூன்றாவது சிவப்பு வரி வந்தது: 'தொலைபேசி இணைப்பு இல்லை.'

கடைசி ஆயுதமாகச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். திரை அணையவில்லை. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓடவைப்பதற்காக மேஜைக்கடியில் வைத்திருந்த பேட்டரிப் பெட்டி, தன் பங்குக்கு 'கீ கீ' என்று கத்தத் தொடங்கியது. ஏசி மட்டும் நின்றுபோனது. மறுபடியும் சுவிட்சைப் போட்டுவிட்டு, வியர்வை வழிய அவர் நாற்காலியில் சரிந்தார்.

மஞ்சள் பொத்தான் அவரையே பார்த்தது. கை கொஞ்சம் நீண்டது. எடை மெஷின் ஞாபகம் வந்தது. கை பின்னால் வந்தது.

"எட்டுக்கை அம்மா, தாயே" என்று கண்ணை மூடினார். "இந்த நாற்காலியைக் காப்பாத்திக் குடு. சேவல் அறுக்கறேன்."

மூன்றரைக்கே ஜீப் வந்துவிட்டது. முன்னால் அர்த்தனாரி, என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாத முகத்தோடு. பின்னால் காளியாத்தாள், எல்லாம் தெரிந்த முகத்தோடு. அவள் பக்கத்தில் ராதிகா, எழுபது வளைவும் ஏறிய களைப்பில் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. வழியெல்லாம் அந்தப் பெண் வாய் திறக்கவில்லை என்பதால், காளியாத்தாள் அவளுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்து முதுகையும் தடவிவிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அறைக்குள் வந்ததும் காளியாத்தாள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"ஆரையும் காணோம். குப்பையைத்தான் காணறேன். கூட்டவே மாட்டீங்களா?"

"கூட்டற அம்மா இன்னைக்கு லீவுங்க" என்றார் குழந்தைசாமி.

ராதிகா கைக்குட்டையை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். "என்ன அண்ணா, மூணு வரி மின்னிக்கிட்டு இருக்கு?"

"இவதான்!" என்று காளியாத்தாள் அலறினாள். "இதே குரல்தான்! பாவி மகளே, உனக்குப் போயி எலுமிச்சம்பழம் குடுத்தேனே!"

அர்த்தனாரி அறையின் மூலைக்கு நகர்ந்தார். ராதிகா விஷயம் புரிந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, அது நானே இல்லைங்க. என் குரலைப் பதிஞ்சு வெச்சிருக்கோம். சங்கு ஊதி அரை மணி நேரம் யாரும் பொத்தானை அமுக்கலேன்னா, கம்ப்யூட்டரே உங்க வீட்டுக்குப் போன் போட்டுப் பேசும். சேதி கிடைச்சுதுன்னு தெரியறதுக்கு நீங்க ஒன்றாம் நம்பரை அமுக்கணும்."

பேசியதோடு போட்டும் காட்டினாள். தேன் குரல் முழுவதும் பேசி முடித்தது. காளியாத்தாள் பெட்டியைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பேசற, கண்ணு" என்றாள். "மத்தியானம் ஏதாச்சும் சாப்ட்டயா?"

அர்த்தனாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஏசிக்கு நேராகப் போய் நின்றார்.

ராதிகா போன் வயரைச் செருகினாள். டேப்போடு வந்து சேர்ந்த செல்லமுத்துவை விட்டு மிதவை வயரை ஒட்டவைத்தாள்.

"இதை வெட்டலாமா, அண்ணா? எல்லாம் நல்லா இருக்கிற வரைக்கும் இந்த வயர்ல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். தொட்டி நிறைஞ்சா மிதவை அந்தக் கரண்ட்டை நிறுத்தும். கரண்ட் நின்னாலே ஆபத்துன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கும். வெட்டினாலும் நிக்கத்தானே செய்யும்?"

"சும்மா இருக்கறதுதான் சேதின்னு எங்களுக்குத் தெரியாதுங்களே மேடம்" என்றான் செல்லமுத்து.

கடைசியில் அவள் மஞ்சள் பொத்தானை ஒரு விரலால் தட்டினாள். சங்கு நின்றது. மூன்று வரிகளும் ஒவ்வொன்றாக மறைந்து, திரை பச்சையானது. மூன்று மணி நேரப் போராட்டம் மூன்று வினாடியில் முடிந்தது. அந்த அமைதியில், கிழங்கு சீவும் பெண்கள் பேசுவது அறைவரை கேட்டது.

"சரி, எட்டு மாசப் பதிவைப் பார்க்கலாம்" என்றாள் ராதிகா.

பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. குழந்தைசாமி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டார். என் பெயர் அதில் இருக்காது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொட்டால்தானே பெயர் வரும்? பெயர் இல்லாவிட்டால் பழி இல்லை. ஆனால் பெயரே இல்லாவிட்டால், எட்டு மாதம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்தாய் என்று கேட்பார்களே! இந்த யோசனை எட்டு மாதத்தில் இப்போதுதான் முதல் தடவையாக அவருக்கு வந்தது. முதுகில் பழைய இடத்தில் சுளீர் என்றது.

அர்த்தனாரி தாளைக் கையில் வாங்கிப் படித்தார்.

"குழந்தைசாமி. குழந்தைசாமி. குழந்தைசாமி..." பக்கம் திருப்பினார். "இதுலயும் குழந்தைசாமி. அட, பூராவும் நீதானப்பா!"

"நானூத்திப் பன்னெண்டு தடவை சங்கு ஊதியிருக்கு, சார்" என்றாள் ராதிகா. அவள் கண்கள் விரிந்திருந்தன. "நானூத்திப் பன்னெண்டு தடவையும் ஒரு நிமிஷத்துக்குள்ள பார்த்திருக்கார். ஒரு தொட்டிகூட வழியல. பெரிய பெரிய பேக்டரியில எல்லாம் வேலை பார்த்திருக்கேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. இன்னைக்கு ஒருநாள்தான் என்னமோ ஆயிருக்கு."

"ஒருநா உடம்புக்கு முடியாமப் போறது சகஜந்தானுங்க" என்றாள் காளியாத்தாள்.

அர்த்தனாரி வந்து குழந்தைசாமியின் தோளைத் தட்டினார். "நாற்காலி உன்னுதுதான், சாமி. எந்திரிக்கவே எந்திரிக்காத."

குழந்தைசாமி கும்பிட்டார். எதைக் கும்பிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஜீப் மலை இறங்கியது. செல்லமுத்து முற்றத்தைக் கழுவப் போனான். குழந்தைசாமி நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றினார். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கியிருந்தது. இனி மூட்டை இல்லை.

ஒன்று மட்டும்தான் புரியவில்லை. தொடாத பொத்தானில் பெயர் எப்படி விழுந்தது? காலையில் வந்ததும் தன் பெயரை அடித்துத்தான் திரையைத் திறக்கிறார். அதனால் அமுக்கியது யாராக இருந்தாலும் பதிவில் அவர் பெயர்தான் விழும். அதுவரை சரி. ஆனால் அமுக்கியது யார்? யோசித்துப் பார்த்ததில் விடை ஒன்றுதான் கிடைத்தது. எட்டுக் கை இருக்கிறவளுக்கு ஒரு பொத்தானை அமுக்குவது பெரிய காரியமா? சேவல் போதாது, கிடாயே வெட்டிவிடலாம் என்று கண் கலங்க முடிவு செய்தார்.

அப்போது கடைசி பஸ்ஸில் இறங்கி, பலகாரப் பையோடு அறை வாசலில் வந்து நின்றாள் ராமாயி. மில்லைக் கூட்டிப் பெருக்குகிறவள். மலையிலேயே பைல் நாடு என்ற ஊரில் தம்பி மகளுக்குச் சீர் என்று காலையில் போயிருந்தாள். கழுவிய முற்றத்தையும், பிய்ந்து கிடந்த சாக்கையும், டேப் சுற்றிய கறுப்பு வயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, எட்டு மாசத்துல ஒரே ஒரு நாளு நான் லீவு போட்டா, நீங்க டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள அந்த மஞ்ச பொத்தானை அமுக்கிச் செல்லமுத்துகிட்டச் சொல்றதுக்கு இந்த மில்லுல வேற ஆளே இல்லீங்களா?"